காவல் அதிகாரி எழுதிய கதை
மெடோஸ் டெய்லரும் தக்கர் வரலாறும்

எந்தச் செய்தியையும் ஏற்பதற்கு முன்னால், அதைச் சொன்னவர் யார், அவர் எத்தகையவர், எந்த நிலையில் நின்று சொன்னார் என்று ஆராய்வது நம் முன்னோர் கைக்கொண்ட நெறி. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒவ்வோர் அறிவிப்பாளரின் வாழ்வையும் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். ஐயத்திற்கு இடமானவரின் சொல்லை ஒதுக்கினார்கள். வரலாற்று நூல்களைப் படிக்கும்போதும் இந்த நெறியை நாம் கைவிடலாகாது. சாட்சி யாரென்று பாராமல் தீர்ப்பளிப்பது எப்படியோ, அப்படியே எழுதியவர் யாரென்று அறியாமல் வரலாற்றை ஏற்பதும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, இந்தியாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்து பெரும்புகழ் பெற்ற ஒரு நூலையும் அதன் ஆசிரியரையும் இங்கே காண்போம். நூலின் பெயர் ‘ஒரு தக்கின் வாக்குமூலம்’. 1839-இல் இலண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. ஆசிரியர் பிலிப் மெடோஸ் டெய்லர். படைவீரராக வாழ்வைத் தொடங்கி, காவல் அதிகாரியாகப் பணியாற்றி, பின்னர் நிர்வாகியாகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர். வழிப்பறிக் கொலைஞர்களான தக்கர்களை ஆங்கில நாட்டின் இல்லந்தோறும் அறிமுகம் செய்து வைத்த கதை இவருடையதே.

பதினாறு வயதில் படைப்பணி

டெய்லர் 1808-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். குடும்பத்தின் செல்வநிலை சரிந்தமையால், 1824-இல் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்ப்பதற்காகப் பம்பாய்க்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்ந்தபோது அந்த நிறுவனமே நொடித்துப் போகும் நிலையில் இருந்தது. அங்கிருந்த உறவினர் ஒருவரின் உதவியால் ஹைதராபாத் நிஜாமின் படையில் அவருக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது பதினாறு.

ஆங்கிலேயக் கம்பெனியின் நேரடிப் பணியாளராக இல்லாமல், ஒரு முஸ்லிம் அரசின் ஊழியராக அவர் வாழ்ந்தது கருதத்தக்கது. கம்பெனி அதிகாரிகளுக்கு இருந்த பதவி உயர்வும் சலுகைகளும் அவருக்கு இல்லை. ஆனால், அவர்களுக்கு இல்லாத ஒன்று இவருக்கு வாய்த்தது: மக்களோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு. உருது மொழியைச் செம்மையாகக் கற்றார், பாரசீகமும் பயின்றார், நில அளவையும் சட்டமும் தாமே படித்துத் தேர்ந்தார். ஹைதராபாத்தில் வங்கித் தொழில் நடத்திய வில்லியம் பாமரின் மகளை 1832-இல் மணந்தார். அந்தப் பாமரின் அன்னை ஃபைஸ் பக்ஷ் ஒரு முஸ்லிம் பெருமாட்டி. ஆக, டெய்லரின் மனைவிக்கு அவர் தந்தைவழிப் பாட்டி. தக்காண முஸ்லிம்களின் வாழ்வைத் தொலைவிலிருந்து பார்த்து எழுதிய பரங்கியர் அல்லர் டெய்லர். அதே சூழலில் உறவு கொண்டு வாழ்ந்தவர்.

கையிலிருந்து நழுவிய துப்பு

படையில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே, நிஜாம் நாட்டின் தென்மேற்குப் பகுதியில் காவல் துறைப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர் குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று, கொள்ளையரைத் துரத்தியும் வழக்கு விசாரித்தும் வந்தார். அந்நாளில் சாலையோரங்களில் பிணங்கள் அகப்பட்டன. இறந்தவர் யார், கொன்றவர் யார் என்று துலங்கவில்லை. டெய்லர் ஐயங்கொண்டு தேடத் தொடங்கினார்.

இந்நிலையில் 1829-இல் நிஜாம் சிக்கந்தர் ஜா காலமாகி, நாசிருத்தௌலா பட்டத்திற்கு வந்தார். மாவட்டங்களில் ஆங்கிலேயர் வகித்த நிர்வாகப் பொறுப்புகளை விலக்கிக்கொள்ளுமாறு புதிய நிஜாம் கேட்டார். டெய்லரும் தம் படைப்பிரிவுக்கே திரும்ப நேர்ந்தது. தக்கர்களை வெளிப்படுத்திய பெருமை மத்திய இந்தியாவில் பணியாற்றிய வில்லியம் ஸ்லீமனைச் சேர்ந்தது. ஸ்லீமனும் படையிலிருந்து வந்தவரே. 1814-இல் தொடங்கிய நேபாளப் போரில் கலந்து கொண்டவர். இன்னும் சிலகாலம் காவல் பணியில் இருந்திருந்தால் அந்தக் கொடுமையை முதலில் வெளிப்படுத்தியவன் நானாகவே இருந்திருப்பேன் என்ற ஏக்கம் டெய்லருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது.

உண்மையில், தென்னாட்டில் இச்செய்தி அதற்கு முன்பே தெரிந்திருந்தது. சீரங்கப்பட்டினம் 1799-இல் வீழ்ந்த பிறகு, பெங்களூர்ப் பகுதியில் கழுத்தில் சுருக்கிட்டுக் கொல்லும் கூட்டத்தார் பிடிபட்டனர். 1807-இல் சித்தூருக்கும் ஆர்க்காட்டுக்கும் இடையே மேலும் சிலர் அகப்பட்டனர். தென்னாட்டில் இவர்களுக்குச் சுருக்குக்காரர் என்னும் பொருளில் ‘பான்சிகார்’ என்று பெயர். சென்னையில் மருத்துவராக இருந்த ஷெர்வுட் என்பவர் 1816-லேயே இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எனினும் அது கற்றோர் சிலரின் கவனத்தோடு நின்றுவிட்டது.

ஹிங்கோலியின் துணி வணிகர்

1830-க்குப் பிறகு ஸ்லீமனின் தேடுதல் வேட்டை நிஜாம் நாட்டிற்கும் பரவியது. டெய்லர் அப்போது இன்றைய மராட்டிய மாநிலத்தைச் சேர்ந்த ஹிங்கோலிப் படை முகாமில் இருந்தார். பிடிபட்ட தக்கர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்யும் பணியில் அவரும் ஈடுபட்டார். அங்கே அவர் கண்டது அவரை உலுக்கிவிட்டது. முகாமின் கடைவீதியில் மதிப்போடு வாழ்ந்த ஹரி சிங் என்னும் வணிகர் தக்கர் தலைவர்களுள் ஒருவர் என்று தெரிய வந்தது. டெய்லரே பலமுறை அவரிடம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார். பம்பாயிலிருந்து துணி கொண்டு வருவதற்கென்று அந்த வணிகர் ஒருமுறை அனுமதிச் சீட்டுப் பெற்றார். வழியில் வேறொரு வணிகரைக் கொன்று, அவருடைய துணிகளை அதே சீட்டைக் காட்டிக் கொண்டுவந்து, முகாமிலேயே பகிரங்கமாக விற்றார். படைக்காவல் நிலையத்திற்குச் சில நூறு கெஜ தூரத்திலேயே கொலையுண்டவர்களின் உடல்கள் புதைக்கப்பட்டிருந்தன.

வழிப்பயணிகளோடு நண்பர்போல் கலந்து, சேர்ந்து உண்டு, தக்க இடம் வந்ததும் கைக்குட்டையால் கழுத்தை நெரித்து, முன்பே தோண்டி வைத்த குழியில் புதைத்துவிட்டு, பொருளைப் பங்கிட்டுக்கொள்வது இவர்கள் தொழில். சம்பளப் பணத்தோடு ஊர் திரும்பும் சிப்பாய், சரக்கோடு செல்லும் வணிகர், குடும்பத்தோடு பயணம் போகும் எளியவர் என எத்தனையோ பேர் இவ்வாறு மறைந்தனர். கொன்றவர்களில் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். கொலையுண்டவர்களும் அவ்வாறே. இக்கொடுமையை ஒடுக்கியது மக்களுக்குச் செய்த நன்மை என்பதில் ஐயமில்லை. அந்த நன்மையை மறுப்பது நீதியாகாது.

அமீர் அலி பேசுகிறான்

உடல்நலம் குன்றி விடுப்பில் இங்கிலாந்து சென்ற டெய்லர், கண்டதையும் கேட்டதையும் நாவலாக வெளியிட்டார். கதையைச் சொல்பவன் அமீர் அலி என்னும் முஸ்லிம். சிறையில் ஓர் ஆங்கில அதிகாரியின் முன்னால் அமர்ந்து தன் வாழ்க்கையை அவன் எடுத்துரைப்பதாக நூல் அமைந்துள்ளது. அவன் பெற்றோரைத் தக்கர்கள் கொன்றுவிடுகின்றனர். தக்கர்களுள் ஒருவனாகிய இஸ்மாயில் அந்தப் பிள்ளையை எடுத்து வளர்க்கிறான். பெற்றோரைக் கொன்ற கூட்டத்தாரே தன்னை வளர்த்தவர்கள் என்று அறியாமல், அவர்கள் தொழிலையே பெருமையாகக் கருதி வளர்கிறான் அமீர் அலி. கொலை செய்வதில் வல்லவனாகிறான். ஒருநாள் ஒரு பெண்ணின் கழுத்தணியைப் பார்த்து, கொலையுண்டவள் தன் உடன்பிறந்தாள் என்று உணர்கிறான். 719 பேரைக் கொன்றதாகக் கணக்குச் சொல்லும் அவன், இடையில் சிறைப்படாமல் இருந்திருந்தால் ஆயிரத்தை எட்டியிருப்பேன் என்றும் வருந்துகிறான்.

இத்தகைய ஒருவனைத் தாம் 1832-இல் நேரில் கண்டதாக டெய்லர் முன்னுரையில் கூறுகிறார். நூல் பெருவெற்றி பெற்றது. ‘தக்’ என்னும் நம் நாட்டுச் சொல் முரடன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ஹிங்கோலியில் அவர் கண்ட தலைவர் ஹரி சிங். ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்ட பெயர் அமீர் அலி. பெயரைத் தேர்ந்தெடுத்ததில் ஆசிரியருக்குத் தீய நோக்கம் இருந்ததென்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. எனினும், ஐந்து வேளை தொழுகை, மார்க்கப் பேச்சு, நாகரிகமான நடத்தை ஆகியவற்றுக்குப் பின்னால் கொலைக் கயிறு மறைந்திருக்கும் என்னும் சித்திரம், இந்நாட்டு முஸ்லிம் ஒருவரையும் நேரில் அறியாத வாசகர் நெஞ்சில் என்ன பதிவை உண்டாக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்ரூவரின் சொல்

இப்போது சாட்சியத்தின் தகுதிக்கு வருவோம். டெய்லரின் கதைக்கும் ஸ்லீமனின் அறிக்கைகளுக்கும் மூலம் ஒன்றே: பிடிபட்டு அப்ரூவர்களாக மாறிய கைதிகளின் வாய்மொழி. 1831 முதல் 1837 வரை 3,266 பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்களுள் 412 பேர் தூக்கிலிடப்பட்டனர். 483 பேர் அரசுத் தரப்பில் சாட்சியாக மாறினர். மற்றவர்களுள் மிகப் பலர் நாடு கடத்தப்பட்டனர் அல்லது சிறைப்படுத்தப்பட்டனர்.

அப்ரூவருக்கு உயிர்ப்பிச்சை உண்டு, விடுதலை இல்லை. மேலும் மேலும் பெயர்களைச் சொன்னால்தான் அவன் பயனுள்ளவன். ஏராளமான கொலைகளைச் செய்ததாகச் சொன்னால்தான் அவனுக்கு மதிப்பு. இத்தகைய நிலையில் இருப்பவன் சொல்வதனைத்தும் பொய் என்று தள்ளவும் இயலாது; அனைத்தும் மெய் என்று கொள்ளவும் இயலாது. அவன் காட்டிய இடங்களில் குழிகளைத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தது உண்மை. ஆனால் கொலை நடந்ததற்குத்தான் எலும்பு சான்றாகுமேயன்றி, இன்னார் கொன்றார் என்பதற்குச் சான்றாகாது.

அதுகாறும் கம்பெனியின் குற்றவியல் நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்ட அலுவலர்களின் ஃபத்வாவைக் கேட்டே தீர்ப்பளிக்கும் வழக்கம் இருந்தது. உடந்தையாயிருந்தவனின் சொல்லை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க அந்த அலுவலர்கள் எளிதில் இணங்கவில்லை. 1836-ஆம் ஆண்டின் 30-ஆவது சட்டம் இந்தத் தடையை நீக்கியது. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று மெய்ப்பித்தாலே ஆயுள் தண்டனை அளிக்கலாம். இன்ன கொலையைச் செய்தார் என்று காட்ட வேண்டியதில்லை. வழக்கில் ஃபத்வா கேட்க வேண்டியதும் இல்லை என்று அச்சட்டம் விதித்தது. குற்றவாளிகள் தப்பாமல் இருக்க வழி பிறந்தது; குற்றமற்றவர் அகப்படாமல் இருக்க இருந்த வேலியும் அத்துடன் அகன்றது.

ஸ்லீமன் 1836-இல் வெளியிட்ட நூலில் முஸ்லிம் தக்கர்களை மார்க்கம் பற்றிக் கேட்ட கேள்விகளும் விடைகளும் உள்ளன. பவானியும் பாத்திமா நாயகியும் ஒன்றே என்று அவர்களுள் சிலர் சொன்னதாக அதில் காணப்படுகிறது. படிக்கும் முஸ்லிம் திடுக்கிடுவார். ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். கேட்பவர் உயிரைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி. சொல்பவர் விலங்கிட்ட கைதி. கேள்வியிலேயே விடையின் சாயல் இருந்தது. இதனை ஒரு சமயத்தின் கோட்பாடாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? பிற்கால ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் சுட்டிக் காட்டினர். 1998-இல் ராதிகா சிங்கா அக்காலச் சட்டங்களையும், 2007-இல் கிம் வாக்னர் தக்கர் பற்றிய ஆவணங்களையும் விரிவாக ஆராய்ந்து எழுதினர். வழிப்பறிக் கொலைகள் நடந்தது மெய். நாடு தழுவிய ஒரே மர்மச் சமயக் கூட்டம் என்பது அதிகாரிகளின் கற்பனை பெரிதும் கலந்த சித்திரம் என்பது வாக்னரின் ஆய்விலிருந்து தெளிவாகிறது. ஸ்லீமனின் பேரர் 1933-இல் எழுதிய நூலுக்குப் ‘பத்து இலட்சம் கொலைகள்’ என்று பொருள்படும் தலைப்பே அமைந்தது என்றால், கற்பனை எவ்வளவு தூரம் ஓடியது என்பதை ஊகிக்கலாம்.

விளைவு ஏட்டோடு நிற்கவில்லை. குற்றம் பிறப்பால் வருவது, சில கூட்டத்தார் பரம்பரையாகவே குற்றவாளிகள் என்ற எண்ணம் தக்கர் வேட்டையில் உரம் பெற்றது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்து மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பிரமலைக் கள்ளர் மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானதைத் தமிழகம் மறக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும்தான் அச்சட்டம் ஒழிந்தது.

சுரபுரத்தின் இளம் அரசர்

அப்ரூவர்களின் சொல்லால் புகழ் பெற்ற டெய்லர், வாய் திறக்க மறுத்த ஒருவரைச் சந்திக்கும் நாளும் வந்தது. அந்த நிகழ்ச்சியே அவர் வாழ்வின் உச்சம் என்பது என் கருத்து.

1841-இல் டெய்லர் சுரபுரம் சமஸ்தானத்திற்கு அனுப்பப்பட்டார். இன்று கர்நாடகத்தின் யாதகிரி மாவட்டத்தில் உள்ள அந்த ஊர், அன்று நிஜாமுக்கு அடங்கிய பேடர் குலத்தவரின் சிற்றரசு. பட்டத்திற்குரிய வெங்கடப்ப நாயக்கர் சிறுவர். அவர் வயதுக்கு வரும்வரை, 1853 வரை, டெய்லரே நிர்வாகத்தைப் பார்த்தார். வரியைச் சீராக்கினார், போனாள் ஏரியைச் செப்பனிட்டார், அப்பகுதியின் பழங்காலக் கல்லறைகளை ஆராய்ந்து எழுதினார். தந்தையற்ற அந்தப் பிள்ளை அவரை ‘அப்பா’ என்றே அழைத்தது.

1857-இல் பெரும் கிளர்ச்சி மூண்டது. பேரார்ப் பகுதியில் புல்டாணா மாவட்டப் பொறுப்பேற்றிருந்த டெய்லர், ஆங்கிலப் படையின் துணையின்றியே அங்கு அமைதி காத்தார். மக்கள் அவர்மேல் கொண்டிருந்த மதிப்பே அதற்குக் காரணம். ஆனால் 1858-இன் தொடக்கத்தில் சுரபுரத்தில் இளம் அரசர் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். தோல்வியுற்று ஹைதராபாத்திற்கு வந்தவர், அங்கே பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறையில் அவரைக் காண டெய்லர் சென்றார். நடந்ததை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தூண்டியவர்கள் யார் என்பதைச் சொன்னால் உயிருக்கு வழி பிறக்கலாம் என்பது இருவருக்கும் தெரியும். அப்பா என்று அழைத்து வளர்ந்தவர் அந்த ஒன்றை மட்டும் அவரிடமும் சொல்ல மறுத்துவிட்டார். கோழையைப் போல் உயிருக்கு மன்றாட மாட்டேன் என்றார். கள்வனைத் தூக்கிலிடுவதுபோல் தம்மைத் தூக்கிலிட வேண்டாம், பீரங்கி வாயில் வைத்துச் சுடட்டும் என்று கேட்டுக்கொண்டார். மரண தண்டனை பின்னர் குறைக்கப்பட்டு, சென்னை மாகாணத்துக் கோட்டையொன்றில் நான்காண்டுச் சிறை என்று முடிவாயிற்று. ஆனால் அங்கே போகும் வழியிலேயே, காவலுக்குச் சென்ற அதிகாரியின் கைத்துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இளம் அரசர் இறந்தார்.

நாநூற்று எண்பத்து மூன்று பேர் உயிருக்காகப் பெயர்களைச் சொன்னார்கள். இவர் ஒருவர் பெயர் சொல்லாமல் உயிரை விடத் துணிந்தார். இருவகை மனிதரையும் கண்டவர் டெய்லர். அந்த மறுப்பை மறைக்காமல், தமக்குப் பெருமை சேர்க்காத அந்தக் காட்சியை உள்ளபடி எழுதி வைத்தது அவருடைய நேர்மை.

எழுதுகோலின் இரு பக்கங்கள்

உடல்நலம் கெட்டு 1860-இல் இந்தியாவை விட்டுச் சென்ற பின் டெய்லர் எழுதியவை, அவர் மனம் முதிர்ந்ததைக் காட்டுகின்றன. 1840-இல் வெளிவந்த ‘திப்பு சுல்தான்’ நாவலில், வெற்றி பெற்ற ஆங்கிலேயர் கண்கொண்டே அந்த மாவீரரைப் பார்த்தவர் அவர். 1863-இல் வெளிவந்த ‘தாரா’ பீஜப்பூர் அரசு மராட்டியரோடு பொருதிய காலத்துக் கதை; அதில் அப்ஸல் கானின் மகனை அன்பும் பண்பும் உடைய நாயகனாகப் படைத்தார். 1872-இல் வந்த ‘சீதா’ 1857-ஐப் பற்றியது. அவர் மறைவிற்குப் பின் 1878-இல் வெளியான ‘ஒரு உத்தம அரசி’, அஹ்மத்நகர்க் கோட்டையில் முகலாயப் படையை எதிர்த்து நின்ற சாந்த் பீபியின் பெருமையைச் சொல்வது. பீஜப்பூரின் கட்டடக் கலையைப் பற்றி 1866-இல் வெளிவந்த நூலுக்கும் அவர் விளக்கவுரை எழுதினார். 1875-இல் மீண்டும் ஹைதராபாத் வந்து சென்ற அவர், 1876-இல் பிரான்ஸ் நாட்டு மென்டோன் நகரில் காலமானார். வாழ்க்கை வரலாறு அடுத்த ஆண்டு வெளிவந்தது.

ஆயினும் உலகம் எதைப் படித்தது? சாந்த் பீபியை மறந்தது. ஃபைஸ் பக்ஷின் பேத்தியை மணந்தவர் என்பதை அறியவே இல்லை. வாய் திறவாமல் மாண்ட சுரபுரத்து இளைஞரைப் பொருட்படுத்தவில்லை. கொலைக் கயிற்றோடு நின்ற அமீர் அலியை மட்டும் கைவிடாமல் பிடித்துக்கொண்டது. அச்சமூட்டும் கதைக்கு இருக்கும் ஆயுள், அன்பைச் சொல்லும் கதைக்கு வாய்ப்பதில்லை.

இதனால் டெய்லரின் நூலை நாம் வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டுத் தக்காணத்தின் சாலைகளையும் சத்திரங்களையும் கடைவீதிகளையும் பேச்சுமுறையையும் அறிய அது அரிய நூல். ஆனால் படிக்கும்போது, பேசுபவன் சிறைக்கைதி, எழுதுபவர் அவனைப் பிடித்த தரப்பைச் சேர்ந்தவர் என்ற நினைவு அகலக்கூடாது. காவல் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது குற்றமே. அது அவர் தொழிலின் இயல்பு. குற்றத்தின் பட்டியலே ஒரு சமுதாயத்தின் வரலாறு ஆகிவிடாது. நம் பிள்ளைகள் இத்தகைய நூல்களை நிச்சயம் படிப்பார்கள், படிக்கவும் வேண்டும். அவர்கள் கையில் நூலைக் கொடுக்கும்போது, சொல்பவர் யாரென்று கேட்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பது பெரியவர்களாகிய நம் கடமை.